மந்திரியைத் தொடாத தலைவர்

இருசப்பனாருக்கு அவர் மனைவி இழைத்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுவதே முறை. வரிசை மாறினால் வழக்கு வலுவிழந்துவிடும்.

முதல் அநீதி கல்யாணத்தன்று நடந்தது. மாப்பிள்ளையின் அக்காள்மார் வாசலை மறித்துக்கொண்டு, புருஷன் பெயரைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். மணப்பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பிப் போய்க் கரையில் கிடந்த கட்டுமரத்தின் மேல் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துவிட்டாள். சோறு ஆறியது, குழம்பு ஆறியது, கடைசியில் அக்காள்மாரின் பிடிவாதமும் ஆறியது. அவர்களே போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார்கள். இருசப்பனார் பிற்காலத்தில் எத்தனையோ மறியல்களைப் பார்த்தார். எதிராளி இவ்வளவு சுலபமாக வென்ற மறியலை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டாம் அநீதி, கேளம்பாக்கத்து உப்பளத் தொழிலாளர் போராட்டத்தின்போது. முதலில் கைதாகும் தலைவர் தாமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் கழுத்தில் மாலையோடும் கையில் துண்டுப் பிரசுரங்களோடும் கடற்கரையில் காத்திருந்தார். போலீஸ் நேரே வீட்டுக்குப் போனது.

"இந்த வீட்டு ஆம்பளை பேர் என்ன?"

"அத்த நான் எப்படி சொல்றது?" என்றாள் மனைவி.

ஏதோ மறைக்கிறாள் என்று போலீஸ் பக்கத்து வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த சடையனை இழுத்துக்கொண்டு போனது. செய்தி கேட்டு இருசப்பனார் மாலையோடு ஸ்டேஷனுக்கு ஓடினார். "நான்தான் இருசப்பன், என்னைக் கைது செய்" என்றார். "அதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார் ரைட்டர். போராட்ட வரலாற்றில் முதல் கைதி சடையன். அவருக்குப் போராட்டம் எதைப் பற்றியது என்று இன்றுவரை தெரியாது.

மூன்றாம் அநீதி, இரவுப் பள்ளியில். பெண்களுக்கு எழுத்தறிவு வேண்டும் என்று முழங்கிய தலைவர், தம் வீட்டிலிருந்தே தொடங்கினார். மனைவி சீக்கிரமே படித்துவிட்டாள். கடல், படகு, சங்கம், உரிமை எல்லாம் தடையில்லாமல் வந்தது. ஒரு நாள் சிலேட்டில் தம் பெயரை எழுதிக் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். "இந்த எடத்துல மட்டும் எயுத்து அயிஞ்சி கீதுய்யா" என்றாள்.

நான்காம் அநீதிதான் கொடுமை. முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்க ஒரு குமாஸ்தா வந்தார். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். "வண்டிக்கு ரெண்டு சக்கரம் கீதுல்ல? நடுவுல ஒண்ணு போவுதே, அத்தோட அப்பனைச் சேத்துக்கோ" என்றாள் மனைவி. அந்த அச்சுக்கு இருசு என்றும் பெயர் உண்டு என்பது குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. அச்சு தெரிந்திருந்தது. பட்டியலில் 'அச்சப்பன்' என்று அச்சேறியது. தடியடிக்கு அஞ்சாதவர், குதிரைப் போலீசுக்கு அஞ்சாதவர், அச்சப்பன் என்ற பெயரில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு நம்பிக்கை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் குப்பத்தில் எல்லாப் பெண்களும் இதை நம்பினார்கள். தலைவர் இதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். வீட்டிலும் பேசினார்.

"இந்தா, ஒரே ஒரு தரம் சொல்லு. நான் செத்தா பாத்துக்கலாம்."

"நீ செத்தப்புறம் நான் யாரோட சண்ட போடறது?"

"இது மூடநம்பிக்கை."

"சரி."

"இன்னா சரி?"

"மூடநம்பிக்கதான். சோறு ஆறிகினு கீது, துன்னு."

அவருக்கு அந்தப் பெயர் ஏன் அத்தனை அவசியம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஆயிரம் தொண்டைகள் 'இருசப்பன் வாழ்க' என்று முழங்கின. பிறகு சுதந்திரம் வந்தது. கூட இருந்தவர்களில் சிலர் காரில் ஏறினார்கள். ஒருவர் மந்திரியே ஆனார். செங்கல்பட்டுக் கூட்டத்தில் இருசப்பனார் அவருக்கு முன்னால் போய் நின்றபோது, "நீங்க…?" என்று இழுத்தார் மந்திரி. அன்றைக்கு இருசப்பனார் மேடை ஏறாமலே திரும்பி வந்தார். வெளியே அவர் பெயரைச் சொல்ல யாரும் மிச்சமில்லை. வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவளும் சொல்லவில்லை.

ஆகவே அந்த ஆண்டு அவர் ஒரு சபதம் எடுத்தார். மனைவி வாயால், சாட்சிகள் முன்னால், தம் பெயரைச் சொல்ல வைப்பது. அதற்கு ஆயுதம் ஏற்கெனவே கையில் இருந்தது. சதுரங்கம்.

சதுரங்கத்தை அவர் சிறையில் கற்றவர். அங்கே காய்களைச் செய்தது களியில். கேழ்வரகுக் களியை உருட்டி, காயவைத்து, ராஜா, இந்தக் காலத்தில் ராணி என்கிற மந்திரி, யானை, மூலைவாட்டில் போகும் தேர் என்று பிடித்தார்கள். வெட்டிய காயைத் தின்றுவிடலாம் என்பது சிறைச் சட்டம். பசித்தவன் நன்றாக ஆடினான். நன்றாக ஆடியவன் பசியாறினான். இவ்வளவு நேர்மையான ஆட்டத்தைத் தாம் வெளியுலகில் கண்டதில்லை என்பார் இருசப்பனார்.

குப்பத்துப் படிப்பகத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தந்தார். வலை மிதவைக் கட்டையில் செதுக்கிய ராஜாக்கள், சிப்பியில் சிப்பாய்கள், தார் பூசிய பலகையில் கட்டங்கள். ஆட்டத்தை எப்படி ஆரம்பிப்பது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ராஜாவை எப்படி முடிப்பது என்பதில்தான் அக்கறை. அந்த முடிவுகளுக்கு, அதாவது மாத்துகளுக்கு, அவரே பெயர் வைத்திருந்தார்.

"இது ஊர்வல மாத். ரெண்டு யானை. ஒரு யானை ஒரு வரிசையை அடைக்குது. அடுத்த யானை அடுத்த வரிசையில் வந்து ராஜாவைத் தள்ளுது. மறுபடி முதல் யானை. தள்ளித் தள்ளிப் பலகை ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கதையை முடிக்குது. எங்கள இப்படித்தான் செங்கல்பட்டு பஜார்ல தள்ளினான்."

"நீ யானையா ராஜாவா நைனா?" என்று கேட்டாள் மகள் ரத்னா.

"பேசாத. அடுத்தது கதவடைப்பு மாத். ராஜா கடைசி வரிசையில சொகுசா கீறான். முன்னாடி மூணு சிப்பாய் காவல். எதிரி யானை அந்தக் கடைசி வரிசைக்கே வந்துடிச்சி. ராஜா எங்க ஓடுவான்?"

"முன்னாடி ஓடுவான்" என்றான் சின்னராசு. வகுப்பில் அவன்தான் துடுக்கு.

"முன்னாடி அவன் சிப்பாயே மறிச்சிகினு நிக்கிறான்டா. காவல்தான் ஜெயில். எழுதிக்கோ."

"கடைசியா அந்தக் குதிரை மாத் சொல்லு தலைவரே" என்றான் சின்னராசு.

இருசப்பனார் மீசையைத் தடவிக்கொண்டார். அது அவருக்கு மிகவும் பிடித்தது. "லாக்கப் மாத். ராஜாவைச் சுத்தி அவன் ஆளுங்களே நெருக்கிகினு நிக்கிறாங்க. மூச்சு விட எடமில்ல. அப்ப ஒரு குதிரை தாவி வந்து ராஜாவைக் குறி வெச்சி 'ஷா' சொல்லுது. குதிரை ஆள் மேலயே தாண்டுமே, குறுக்க யாரும் நிக்க முடியாது. ராஜா நகர முடியாது. மாத்."

"நீ ஏன் தலைவரே மந்திரியை வெச்சி ஒரு மாத்தும் சொல்லித் தரல? அதுதான் எல்லாப் பக்கமும் போவும்" என்று கேட்டான் சின்னராசு.

"எல்லாப் பக்கமும் போறவனை நம்பக் கூடாது" என்றார் தலைவர்.

உண்மையில் அவர் மந்திரியைத் தொடவே மாட்டார். ஆட்டம் தொடங்கிச் சில நகர்த்தல்களிலேயே மந்திரிக்கு முன்னால் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். வீட்டுக்காவல். அப்படியும் பிள்ளைகளை எல்லாம் தோற்கடித்தார். எனவே கொள்கை சரி என்று முடிவாயிற்று.

தோற்ற பிள்ளைகள் பலகையைக் கவிழ்த்துவிட்டு ஓடுவது வழக்கமாக இருந்தது. தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தோற்றவர் எழுந்து நின்று, கரும்பலகையில் எழுதியிருக்கும் வென்றவர் பெயரைச் சாட்சிகளுக்குக் கேட்கும்படி உரக்க வாசிக்க வேண்டும். ரத்னா வழிமொழிந்தாள், காரணம் அன்று சின்னராசு அவளிடம் தோற்றிருந்தான். சின்னராசு பல்லைக் கடித்துக்கொண்டு "ரத்னா" என்று வாசித்தபோது, இருசப்பனாருக்குத் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

வாசிக்க வேண்டும். தம் மனைவிக்கு வாசிக்கத் தெரியும். தாமே கற்றுக் கொடுத்தது.

அன்றைக்கு அவள் திருக்கழுக்குன்றத்தில் மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலைவர் பக்கத்தில் போய் நின்றார்.

"இந்தா. படிப்பக ஆண்டு விழா வருது. நீயும் நானும் சதுரங்கம் ஆடப் போறோம். ஊர் பாக்க."

"எனக்கு அந்த எழவு தெரியாதுய்யா."

"கத்துக்கோ. பெண்ணுக்கு எல்லாம் தெரியணும். நான் மேடையில பேசறத நீ கேக்கறதே இல்லியா?"

"மேடையில நீ பேசறப்ப நான் சந்தையில பேசிகினு கீறேன். தோத்தா இன்னா?"

"தோத்தவங்க ஜெயிச்சவங்க பேரைப் படிக்கணும். அவ்ளோதான்."

கூடையைக் கழுவிய கை நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓகோ."

"இன்னா ஓகோ? பயமா?"

"உன் உசிரு எனக்கு வெளையாட்டு இல்ல."

"அப்ப ஜெயிச்சிட்டுப் போ. யார் வேணான்னா?"

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"எனக்குக் காயை எங்க வெக்கறதுன்னே தெரியாது. புள்ளைங்க பக்கத்துல குந்திகினு சொல்லித் தரட்டும். சரியா?"

தலைவர் உள்ளுக்குள் சிரித்தார். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் தாம் சொல்லித் தந்ததுதானே! "தரட்டும். ஊரே சேர்ந்து சொல்லித் தரட்டும்."

"சட்டம் ரெண்டு பேருக்கும்தானே?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் இன்னா மந்திரியா?" என்றார் இருசப்பனார்.

அடுத்த சில நாட்கள் பிள்ளைகள் படிப்பகத்துக்கு வரவில்லை. அவர் வீட்டு அடுப்படியில் இருந்தார்கள். நெத்திலி வறுபடும் வாசனையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு தரம் எட்டிப் பார்த்தார். மனைவி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் குதிரையுமாக இருந்தாள். குதிரை எண்ணெயில் விழுந்துவிட்டது.

"ஐயோ, குதிர வெந்துடிச்சிடா!"

தலைவர் நிம்மதியாகத் திரும்பிப் போனார். பக்கத்து வீட்டுச் சடையனிடம் சொன்னார்: "மச்சான், விழாவுல முன் வரிசையில வந்து குந்து. உன் தங்கச்சி வாயால என் பேரு வரப் போவுது."

"வந்தா உனக்கு ஒண்ணும் ஆவாதே?" என்றார் சடையன் கவலையோடு. "மறுபடி என்னைப் புடிச்சிகினு போவப் போறாங்க."

விழா நாள் வந்தது. படகுகள் கரையேறிய பிறகு குப்பமே படிப்பகத்து முன்னால் மணலில் உட்கார்ந்தது. தலைமைக்குச் செங்கல்பட்டிலிருந்து பட்டாபி வாத்தியாரை அழைத்திருந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருபவர், சதுரங்கம் தெரிந்தவர், அங்கவஸ்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு காற்றோடு போராடிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக் காய்களை மனைவிக்கே கொடுத்தார் இருசப்பனார். பெருந்தன்மை. அவள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு பக்கம் ரத்னா, ஒரு பக்கம் சின்னராசு.

அவள் ஒரு சிப்பாயை நகர்த்தினாள். அவர் நகர்த்தினார். காதோடு ரத்னா ஏதோ சொன்னாள். மறுபடி ஒரு சிப்பாய், பிறகு ஒரு குதிரை. நடுவில் நின்ற அவள் சிப்பாயை அவர் வெட்டினார்.

"முதல் வெட்டு!" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

வெட்டிய சிப்பாயை அவள் குதிரை வந்து வெட்டியது. பரவாயில்லை. இருசப்பனார் வழக்கம்போல ஒரு குதிரையை எடுத்துத் தம் மந்திரிக்கு நேர் முன்னால் நிறுத்தினார். வீட்டுக்காவல் அமலுக்கு வந்தது. சின்னராசு வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். தன் மந்திரியை எடுத்து, தன் ராஜாவுக்கு நேர் முன்னால், ஒரே ஒரு கட்டம் நகர்த்தி வைத்தாள்.

இருசப்பனார் வாய்விட்டுச் சிரித்தார். "பாருங்கய்யா! மந்திரியை ராஜா மடியில கொண்டுபோய் குந்த வெச்சிட்டா. சொந்தத் தேருக்கே வழியை மறிச்சிட்டா. இதுக்குத்தான் மந்திரியைத் தொடக் கூடாதுன்றது."

பட்டாபி வாத்தியார் பலகையை நோக்கிக் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இருசப்பன்வாள், கொஞ்சம் நிதானிச்சு ஆடுங்கோ" என்றார்.

தலைவர்கள் நிதானிப்பதில்லை. அவர் இன்னொரு குதிரையையும் களத்தில் இறக்கினார்.

மனைவி ரத்னாவைப் பார்த்தாள். ரத்னா தலையாட்டினாள். மனைவி தன் குதிரையை இரண்டு விரலால், சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்து, தூக்கி, அவர் ராஜாவுக்கு அருகே வைத்தாள். அதிலிருந்து இன்னும் நெத்திலி வாசனை வந்தது.

"ஷா" என்றாள். பிறகு சந்தேகத்தோடு, "ஷாதானேடா?" என்றாள் சின்னராசிடம்.

இருசப்பனார் ராஜாவை எடுக்கக் கையை நீட்டினார். கை அந்தரத்தில் நின்றது. ராஜாவுக்கு ஒரு பக்கம் மந்திரி. மறு பக்கம் தேர். முன்னால் சிப்பாய்கள். மந்திரிக்கு முன்னால் தாம் வைத்த காவல் குதிரை. நகர ஒரு கட்டம் கூட இல்லை. சரி, அந்தக் குதிரையை வெட்டிவிடலாமே? ராஜாவுக்கு நேர் முன்னால் நின்ற சிப்பாயால் வெட்ட முடியும். அதை எடுத்தார். எடுத்ததும் தெரிந்தது. சிப்பாய் விலகினால் நேர் வழி திறக்கும். வழியின் மறுகோடியில், ராஜா மடியில் உட்கார்ந்திருப்பதாக அவர் சிரித்த அந்த வெள்ளை மந்திரி, அவர் ராஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிப்பாயைத் திரும்ப வைத்தார்.

"லாக்கப் மாத்!" என்று கத்தினான் சின்னராசு.

"மாத் தான்" என்றார் பட்டாபி வாத்தியார். "உங்க மந்திரி மாத்திரம் ஒரு கட்டம் தள்ளிப் போயிருந்தா, அந்த எடத்துல ராஜா ஒதுங்கியிருக்கலாம். நீங்க அவரை அசையவே விடலையே."

குப்பம் ஆரவாரித்தது. இருசப்பனார் எழுந்தார். முப்பது ஆண்டுப் பொதுவாழ்வு சும்மா போகுமா?

"ஆட்சேபணை! மூணு பேர் சேர்ந்து ஆடினாங்க."

"நீதானே மச்சான், ஊரே சேர்ந்து சொல்லித் தரட்டும்னு சொன்ன?" என்றார் சடையன். "உன் குரலு என் வூட்டு வரைக்கும் வருது."

"இந்த மாத்தை யார் கண்டுபுடிச்சது?"

"நீ சொல்லித் தந்ததுதான் நைனா" என்றாள் ரத்னா. "நாங்க அம்மாவுக்கு எல்லா மாத்தும் சொன்னோம். அதுக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அதுவே கேட்டுச்சு. உங்க நைனா எத்தத் தொடவே மாட்டாருன்னு. மந்திரியைன்னு சொன்னோம். அப்ப அந்த மந்திரி பக்கத்துலயே அவரைக் கட்டிப்போடற மாதிரி ஒண்ணு பாருங்கடான்னுச்சு. பாத்தோம்."

இருசப்பனார் மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் சிரித்தது.

"எனக்கு யான தெரியாது, குதிர தெரியாதுய்யா" என்றாள். "உன்னைத் தெரியும்."

"சரி, சரி. ஆட்டம்னா வெற்றி தோல்வி சகஜம். விழா முடிந்தது. எல்லாரும் சுண்டல் வாங்கிகினு…"

"படிக்கணும்!" என்றான் சின்னராசு. "தோத்தவங்க படிக்கணும். நான் படிச்சேன் இல்ல?"

"படிக்கணும், படிக்கணும்!" என்றார்கள் பிள்ளைகள். கோஷம் போட அவர்களுக்குச் சொல்லித் தந்ததும் தலைவர்தான்.

சின்னராசு கரும்பலகையில் கோணல்மாணலாக ஒரு பெயரை எழுதிவிட்டுச் சாக்கட்டியை ஊதினான்.

இருசப்பனார் கரும்பலகை முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

அவருக்கே வியப்பாக இருந்தது. கலெக்டர் முன்னால் வராத நடுக்கம் இப்போது ஏன் வருகிறது? யோசித்தார். அவளைக் கூப்பிடும்போது 'இந்தா' என்பார். கோபத்தில் 'ஏய்' என்பார். பிறரிடம் பேசும்போது 'வூட்ல' என்பார். சிறையிலிருந்து எழுதியபோதுகூட 'ரத்னாவின் தாய்க்கு' என்றுதான் எழுதினார். எந்த மூடநம்பிக்கையும் அவரைத் தடுத்ததில்லை. யாரும் ஆயுசு குறையும் என்று பயமுறுத்தியதில்லை. அவள் பெயரைச் சொல்லத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். செங்கல்பட்டில் அந்த மந்திரி 'நீங்க…?' என்று இழுத்தது ஏனோ அப்போது காதில் கேட்டது.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்து வரைக்கும் வெட்கம் ஏறியிருந்தது. கல்யாணத்தன்று கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தபோதுகூட அவளை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

மெல்ல, உதட்டுக்குள்ளேயே, வாசித்தார்.

"கேக்கல மச்சான்" என்றார் சடையன்.

"சாட்சிகளுக்குக் கேக்கணும்னு தீர்மானம்" என்றாள் ரத்னா.

மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "கோஷம் போடற தொண்ட எங்கய்யா போச்சு?"

இருசப்பனார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார். உப்பளத்து வாசலில் ஆயிரம் பேருக்கு முன்னால் முழங்கிய அதே குரலில், கடற்காற்றுக்கும் மேலாக, கடைசி வரிசை வரை கேட்கும்படி வாசித்தார்:

"ஆதியம்மாள்!"